முகத்தில் விழும் வெளிச்சம்

கும்பகோணத்தில் வெற்றிலை மண்டி வைத்திருக்கும் ஒரு பாயிடம் பழைய காண்டெஸா கார் வாங்கினேன். கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே அதை மாற்ற வேண்டும் என்பது என் வெறி.

ஒரு விளக்கு மட்டும் என்னைக் குடைந்தது. முன் கண்ணாடிக்கு மேலே, ஓட்டுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி யாரோ மாட்டியிருந்தார்கள். கண் கூசுமே, எந்தப் பைத்தியம் இப்படி வைக்கும்? கழற்றிவிட்டுத் துளையை அடைக்கலாம் என்றிருந்தேன்.

அதற்குள் பாய் தன் மனைவியோடு காரைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தார்.

"இந்த லைட்டு எதுக்கு பாய்?"

"இவங்களுக்குக் காது கேக்காது தம்பி. என் உதட்டைப் பாத்துதான் பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க. வலங்கைமான்ல மாமியார் வீடு. திரும்பி வர்றப்ப இருட்டிடும். வழியெல்லாம் பேசாம வர முடியுமா?"

இருவரும் காரில் ஏறினார்கள். பாய் சுவிட்சைப் போட்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கார் இப்போது புத்தம்புதிதாக இருக்கிறது. விளக்கை மட்டும் நான் கழற்றவில்லை.

என் மனைவிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் இருட்டியதும் அவளே அந்தச் சுவிட்சைப் போடுகிறாள். கண் கூசத்தான் செய்கிறது. அணைக்கச் சொல்ல மனம் வரவில்லை.