துட்டி வீட்டில் பார்த்த ட்ரெய்லர்

அண்ணன் இறந்த பிறகு எங்கள் வீட்டில் டிவி போடவில்லை. துட்டி வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பாட்டும் படமும் கூடாது. யாரோ டிவிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். போனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் தொடாமல் இருந்தேன்.

எனக்கு அது பெரிய விஷயம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். சினிமாவுக்குக் கதை எழுத வேண்டும் என்று ஆசை. அதற்கென்று போய்ப் படிக்க வழியில்லை. அதனால் சினிமா செய்தி ஒன்றையும் விட மாட்டேன். எந்தக் கம்பெனி புது ஆட்களிடம் கதை கேட்கிறது, எந்தப் படம் ரிலீஸ் தள்ளிப்போகிறது, ஏன் தள்ளிப்போகிறது, எல்லாம் பல் தேய்க்கும் முன்னாலேயே பார்த்துவிடுவேன். வெள்ளிக்கிழமை தென்காசியில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் நல்லா இருக்கா என்று கேட்க மாட்டேன். "இன்டர்வெல் எங்கன விட்டான்?" என்றுதான் கேட்பேன்.

மீதியை அண்ணன் கொண்டுவருவான். ஷூட்டிங் வருகிற யூனிட்டுகளுக்கு வேன் ஓட்டினான். இலஞ்சி வயலில் பாட்டு எடுத்தால் ஹீரோயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். "டயலாக்க ஸ்பாட்லயே மாத்துதானுவட்டி. எழுதுனவன் மூஞ்சியப் பாக்கணுமே, பாவமா இருந்துச்சு" என்பான்.

என் கதை அவனுக்கு மனப்பாடம். மெயினருவியில் குளிக்கிறவர்களின் துணியையும் போனையும் வாங்கிவைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண். ஒருநாள் ஒருவர் துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறார், திரும்பி வரவில்லை. அவரைத் தேடி அவள் கிளம்புகிறாள். இதை வேனில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவான்.

"வெளிய சொல்லாதண்ணே, எவனாவது தூக்கிருவான்" என்று சண்டை போடுவேன்.

"நல்ல கதன்னா நாலு பேரு கேக்கணும்லா. பீரோல வச்சுப் பூட்டவா யோசிச்ச?"

மேலகரம் பக்கம் அவன் பைக் லாரியில் மோதியது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

காரியத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அண்ணனோடு பழகிய அசிஸ்டென்ட் டைரக்டர் ஒருவர் சென்னையிலிருந்து துட்டி கேட்க வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "நேத்து ஒரு ட்ரெய்லர் வந்திருக்கும்மா. அருவி, துணி பாத்துக்கிற பொம்பளன்னு பசங்க சொன்னாங்க. உங்க அண்ணன் சொன்ன கதை மாதிரியே இருக்காம். நான் இன்னும் பாக்கல."

கதை போனது என்றுகூட எனக்கு முதலில் தோன்றவில்லை. போயிருந்தால் அண்ணன் வாயால்தான் போயிருக்கும். இப்போது போய் நான் அவன்மேல் எப்படிக் கோபப்படுவது? என்னிடம் திட்டு வாங்க அவன் இல்லையே.

அவர் போனபிறகு சாப்பிட உட்கார்ந்தேன். "என்னட்டி, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க?" என்றாள் அம்மா. சொன்னேன்.

பக்கத்தில் இருந்த பெரியம்மா, "காரியம் கழியட்டும். படம் எங்கயும் ஓடிராது" என்றாள்.

அம்மா என் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "இது படம் பாக்கதுல சேராதுக்கா. எம்மவன் வாயால போச்சா இல்லயான்னு தெரியணும். போடுட்டி" என்றாள்.

கை கழுவிவிட்டுப் போனை எடுத்தேன். அருவி வந்தது. எங்கள் அருவி இல்லை, கேரளாவில் ஏதோ ஒன்று. ஒரு பேன்ட் பாக்கெட்டில் வைரம் கிடைக்கிறது. வைரத்துக்காகக் கார்கள் பறக்கின்றன, ஹீரோ அடிக்கிறான். துணி பார்க்கிற பெண் காமெடியனுடைய அம்மா. ஒரே ஒரு ஷாட்டில் வந்து அவனை விளக்குமாற்றால் விரட்டுகிறாள். நம்பாமல் இன்னொரு தடவை போட்டேன்.

"வேறல்லா?" என்றாள் அம்மா.

"வேறதாம்மா. சம்பந்தமே இல்ல."

"சண்ட நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றாள் பெரியம்மா. எப்போது எட்டிப் பார்க்க ஆரம்பித்தாளோ.

எனக்கு அழுகை வந்தது. அத்தனை நாளும் அழுதது நெஞ்சை அடைத்தது. இது அடைக்கவில்லை. மூச்சு நன்றாக வந்தது. அண்ணன் எதையும் தொலைக்கவில்லை. அவனை நினைக்கும்போது அவனை மட்டும் நினைத்தால் போதும்.

"அவ அந்த ஆளக் கண்டுபிடிச்சாளா இல்லயாட்டி?" என்றாள் அம்மா.

"ஒனக்கு எப்படிக் கத தெரியும்?"

"வேன்ல ஏறுனவங்ககிட்ட மட்டுமா சொன்னான்? எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பான். முடிவு மட்டும் ஒனக்கே தெரியாதுன்னான்."

"இன்னும் யோசிக்கலம்மா."

"சோத்தத் தின்னுட்டு யோசி."

அதற்குள் போனில் அடுத்த ட்ரெய்லர் தானாக ஓட ஆரம்பித்தது. நான் நிறுத்தப் போனேன். "இரு இரு, இது யாரு எடுத்த படம்?" என்றாள் பெரியம்மா. டைரக்டர் யார், இதற்கு முன்னால் என்ன செய்தார், ரிலீஸ் ஏன் தள்ளிப்போனது என்று சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கேட்டுக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.