முப்பத்தெட்டுக் குறையில் மூன்று

என் மனைவியை அவள் வேலை பார்க்கும் கடையில் எல்லோரும் ‘புகார் அக்கா’ என்பார்கள். மிக்சி, ஃபேன், வாஷிங் மெஷின் விற்கிற பெரிய கடை. வாங்கின சாமான் ஓடவில்லை என்று கத்திக்கொண்டு வருகிறவர்களை அவள் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. கத்திக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் “வரேன்கா” என்று சிரித்துக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். நான் பஸ் ஓட்டுகிறவன். எனக்கு ஹாரன் அடிக்கத் தெரியும், பேரம் பேசத் தெரியாது.

வாடகை வீட்டிலேயே காலம் போய்விடுமோ என்று இருந்தபோது ஒரு வீடு அமைந்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருடையது. மனைவி தவறிப்போய்த் தனியாக இருந்தார். விலையும் வாய்ப்பேச்சில் படிந்துவிட்டது. அப்போது இவள், “முன்பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியரை விட்டு வீட்டைப் பாத்துடுவோம்” என்றாள்.

புரோக்கர் முகத்தைச் சுளித்தார். “விருந்துக்குக் கூப்பிட்ட வீட்ல போய் பாத்திரத்தை மோந்து பாக்குற மாதிரி இருக்கும்மா.”

“சாப்பிடப்போறது நாங்கதானே” என்றாள்.

இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். ஏணியோடு வந்தாள். கூரைமேல் ஏறினாள், சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்து டார்ச் அடித்தாள், சுவரில் ஈரம் பார்க்கிற கருவியை வைத்து வைத்து எடுத்தாள். மறுநாள் இருபத்திரண்டு பக்கத்துக்கு அறிக்கை வந்தது. மொத்தம் முப்பத்தெட்டுக் குறை. இந்த வீடு நமக்கில்லை என்றே நினைத்தேன்.

என் மச்சான், அதாவது இவள் தம்பி, செய்தி கேட்டு ஓடி வந்தான். அவனுக்கு ஒரே குஷி. “அக்கா, முப்பத்தெட்டையும் வரிசையா வாசி. மனுஷன் ஆடிப்போயிருவார். விலை பாதாளத்துக்கு இறங்கிரும்.”

இவள் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள். தேய்ந்த கதவுப்பிடி, உடைந்த தரைக்கல், சரியாக மூடாத ஜன்னல், பெயிண்ட் உரிந்த கிரில். “இதெல்லாம் நம்ம கண்ணால பாத்துட்டுத்தானே விலை பேசினோம்? இப்ப என்ன புதுசா?”

கடைசியில் மூன்று மிஞ்சின. பின் அறைக் கூரையில் விரிசல், அதனால் சுவருக்குள் ஈரம். வீடு முழுக்க எர்த் இல்லாத பழைய ஒயரிங். சமையலறைத் தரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் உடைசல்.

மச்சானுக்கு முகம் தொங்கிப்போனது. இவள் சொன்னாள்: “பத்துப் புகாரோட வர்றவங்க சொல்றதுல ஒண்ணைக்கூட நான் நம்பமாட்டேன் தம்பி. ஒரே புகாரைக் கொண்டுவந்து, பில்லை மேசைமேல வச்சுட்டு அமைதியா உக்கார்றாங்க பாரு, அவங்களைக் கண்டாத்தான் எனக்கு பயம்.”

அந்த வாரமே மூன்று வேலைக்கும் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டி, என்ன செலவாகும் என்று எழுதி வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டில் உட்கார்ந்தோம். மூன்று காகிதத்தையும் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். காது மடல் சிவந்தது.

“ஆனையையே வாங்குறீங்க. அங்குசத்துக்கு அழுவாங்களாம்மா?”

“அங்குசம் போனாப் போகுது சார். ஆனைக்குக் கால்ல புண் இருக்கே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டேன்.

“இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்கார். அவர் இந்த இன்ஜினியர் எல்லாம் கேக்கல” என்றார் அவர்.

“கொடுங்க சார், எங்களுக்கு வருத்தம் இல்ல. ஆனா குழாய் உடைஞ்சிருக்குன்னு இப்ப உங்களுக்கே தெரியும். தெரிஞ்சதை மறைச்சு விக்கிற ஆளா நீங்க எனக்குத் தெரியல.”

அவர் பின் அறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, “ஈரம் எனக்குத் தெரியும்மா. அதுக்குத்தான் போன மாசம் பெயிண்ட் அடிச்சேன்” என்றார்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் மடக்கியிருப்பார்கள். இவள் காகிதத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, “அது கிடக்கட்டும் சார். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க” என்றாள்.

அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை போலிருக்கிறது. மகள் வீட்டு மாடியில் அவருக்கு ஓர் அறை கட்டுகிறார்களாம், முடிய இரண்டு மாதமாகும். வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எப்போது காலி செய்வீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். இத்தனை புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு நடுவில் எங்கே போவது?

இவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். “பத்திரம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு சாவி கொடுங்க சார். அதுக்கு வாடகை வேண்டாம்.”

அவர் பேனாவை எடுத்தார். கூரைக்கும் ஒயரிங்குக்கும் ஆகிற முழுச் செலவையும் விலையில் கழித்தார். குழாய்க்குப் பாதிதான் என்றார். இவள் சரி என்றாள். எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதவும் வைத்தாள்.

கிளம்பும்போது வாசல் கேட் பக்கத்தில் அவர் என்னைத் தனியாக நிறுத்தி, “வீட்டம்மா என்ன படிச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

“பத்தாவது சார்.”

“கணக்கு நல்லா வருது” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் இதைச் சொன்னதும் இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கணக்குலதாங்க நான் பெயில்.”

மச்சான் மட்டும் பல நாள் பொருமிக்கொண்டிருந்தான். “பாதிக் குழாயை விட்டுட்டியே அக்கா.”

“அவரும் எதையாவது ஜெயிச்சுட்டு எந்திரிக்கணும்ல?” என்றாள்.

இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. இப்போதெல்லாம் வீடு வாங்கப் போகிறவர்கள் இன்ஜினியர் அறிக்கையோடு இவளைத் தேடி வருகிறார்கள். போன மாதம் வந்தவரை அனுப்பி வைத்ததே அந்த வாத்தியார்தான். இவள் பென்சிலோடு உட்காருவாள். வந்தவர்களுக்கு நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்: “என் வீட்டுக்காரிதான்.”