முயல் கூண்டில் தொங்கிய சிலேட்டு

முந்தாநாள் மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். பக்கத்து மாடியில் கம்பிக் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்த அந்த வீட்டு மருமகள், கண் திறந்து நாலு நாள்கூட ஆகாத முயல்குட்டியின் வாயில் இங்க் பில்லரால் பசும்பால் விட்டுக்கொண்டிருந்தாள்.

"தாய் குட்டிங்க கிட்டயே போக மாட்டேங்குது ஆயா. கல்நெஞ்சு" என்றாள்.

ரோமத்தில் சிந்திய பால் புளித்த வாடை அடித்தது. அந்த வாடையை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? சிரித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். எண்பதை நெருங்கியும் எனக்கு இந்தக் கூச்சம் போகவில்லை. எழுதச் சொன்னால் மட்டும் கொஞ்சம் தைரியம் வரும். அந்தத் தைரியம் வந்ததே ஒரு முயலால்தான்.

உலகச் சண்டை நடந்த காலம். தருமபுரியில் ஒரு டாக்டரம்மா சின்னதாக ஆஸ்பத்திரி நடத்தினார். பிரசவித்த பெண்களுக்கு சூப்புக் கொடுக்கக் கறி கிடைக்காததால், நீலகிரியிலிருந்து வெள்ளை முயல் ஒரு ஜோடி வாங்கிவந்திருந்தார். அவற்றைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். எனக்குப் பதினாலு வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ஏரியூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அந்த வருஷம் ஒரு வேளைக் களிதான். ஆஸ்பத்திரியில் மூன்று வேளையும் சாப்பாடு. அதனால் முயல் இருக்கும்வரைதான் எனக்கும் வயிறு நிறையும் என்று எண்ணிக்கொள்வேன்.

சமையல் ரங்கம்மாவுக்குக் கன்னடம் வீட்டுப் பேச்சு, தமிழில் கிண்டல். "ஏ புள்ள, ஒனக்குன்னு பாத்துத்தான் இந்த வேலைய குடுத்திருக்காங்க. முசலும் வாயத் தொறக்காது, நீயும் தொறக்க மாட்ட. என்னா பொருத்தம்!" என்பாள்.

முதல் ஈத்துக் குட்டிகள் அத்தனையும் செத்தன. இரண்டாவதும் அப்படியே. தாய் வெள்ளச்சி பகலெல்லாம் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். குட்டிகள் கிடந்த மருந்துப்பெட்டியைத் திரும்பியும் பார்க்காது. பால் கொடுக்கவில்லை என்று முடிவுகட்டி டாக்டரம்மா குட்டிகளைப் பிரித்துவிடுவார். நான் பஞ்சுத் திரியில் பசும்பால் நனைத்து ஊட்டுவேன். வயிறு ஊதும், கழியும், நாலாம் நாள் முடிந்துபோகும்.

மூன்றாவது ஈத்தில் ஏழு குட்டிகள். மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து பார்த்தார். "நாளைக்கு இதுங்களையும் தனியா எடுத்துடு. இதுவும் தவறிப்போச்சுன்னா முயலே வேண்டாம். நீயும் ஊருக்குக் கிளம்பலாம்."

"சரிங்கம்மா" என்றேன். அந்த வாரம் விடியலில் முற்றம் பெருக்கப் போனபோது நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். வெள்ளச்சி பெட்டிக்குள் குதித்தது, குட்டிகள் அடியில் புரண்டு குடித்தன, ஒரு குடம் தண்ணீர் இறைக்கிற நேரத்தில் வெளியே தாவி மூலைக்குப் போய்விட்டது. மறுநாளும் அதே. ஆனால் பெரிய படிப்புப் படித்தவரிடம் நான் எப்படிச் சொல்வது?

அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு சிலேட்டு தொங்கும். நோயாளிக்குக் கஞ்சியா, ரொட்டியா என்று அதில் எழுதியிருக்கும். காலியாக இருந்த கட்டிலிலிருந்து ஒன்றைக் கழற்றி, என் குண்டு எழுத்தில் எழுதி, முயல் கூண்டில் மாட்டினேன். "தாய்ப்பால். விடியலில் ஒரு வேளை. நான் பார்த்தேன்."

சாயங்காலம் டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "யாரு எழுதினது?" என்றார். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நட்டு வெச்ச கம்பமாட்டம் நிக்கிறாளே, இவதானுங்க" என்றாள் ரங்கம்மா.

"சரி, விடியலில் நானே வரேன்."

சொன்னபடி அரிக்கேன் விளக்கோடு வந்தார். வெளிச்சத்தைக் கண்டு வெள்ளச்சி மூலையிலேயே விறைத்து உட்கார்ந்தது. எனக்கு உயிரே போயிற்று. என்ன துணிச்சலோ, டாக்டரம்மா கையிலிருந்த விளக்கின் திரியை நானே இறக்கிவிட்டேன். கிழக்கு வெளுத்ததும் வெள்ளச்சி பெட்டிக்குள் குதித்தது.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "நாலு நிமிஷம்கூட இல்லையே!" குட்டி ஒன்றை எடுத்து வயிற்றைத் தடவினார். எலுமிச்சம்பழம்போல் திரண்டிருந்தது. "இவ்வளவுதானா?"

"ஆமாங்கம்மா. இனிமே நாளைக்குத்தானுங்க." அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

குட்டிகள் தாயோடு இருந்தன. மூன்றாம் வாரம் தாமாகவே பெட்டியைவிட்டு வந்து, வெள்ளச்சி மென்ற கேழ்வரகுத் தாளைக் கொறித்துப் பார்த்தன. காய்ந்த கடலைக்கொடி, ஒரு பிடி கேழ்வரகுத் தவிடு, சட்டியில் எப்போதும் தண்ணீர். பனி ஈரத்தோடு புல்லைக் காட்டவே மாட்டேன். ஆறு வாரம் ஆனதும் குட்டிகளை நகர்த்தாமல் தாயை மட்டும் வேறு கூண்டுக்கு மாற்றினேன். பழகிய இடமும் பழகிய தீனியும் மாறாமல் இருந்தால் குட்டி ஏங்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் முயலே சொல்லிவிடும்.

இவ்வளவு தெரிந்தவளும் ஒரு பிசகு செய்தேன். தாயைப் பிரித்த அன்று மனசு கேட்காமல், பச்சைக் கொள்ளுக்கொடியை அள்ளி அள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு குட்டி வயிறு உப்பிச் செத்தது. மறைத்திருக்கலாம். சிலேட்டை எடுத்தேன். "ஒன்று போயிற்று. பச்சைக் கொடி அதிகம். என் தப்பு." எழுதிவிட்டு, ஊருக்குப் போகத் துணியை மூட்டையாகக் கட்டி வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், அடியில் டாக்டரம்மாவின் எழுத்து. "மீதி ஆறு?"

"தின்கின்றன" என்று எழுதினேன். மூட்டையை அவிழ்த்துவிட்டேன்.

ஆறும் வளர்ந்தன. நான்கு, சூப்புக்குப் போயின. அதற்குத்தானே வளர்த்தோம், நான் அழவில்லை. இரண்டை அடுத்த ஈத்துக்கு நிறுத்திக்கொண்டோம். கல்யாணமாகிப் போகும்வரை அங்கேதான் இருந்தேன், மூன்று வேளைச் சாப்பாட்டோடு.

இப்போது அந்த இடத்தில் துணிக்கடை. கட்டில்களும் சிலேட்டுகளும் எங்கே போயினவோ. நேற்று நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி, இரண்டு மாடிக்கும் நடுவே உள்ள குட்டைச்சுவர் வழியே கைநீட்டி அந்தக் கூண்டில் கட்டினேன். "தாயை வையாதே. பசும்பால் வேண்டாம். விடியலில் வந்து பார்."

இன்று விடியலில் நானும் மாடிக்குப் போனேன். தாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தாய் குதித்தது, கொடுத்தது, போயிற்று. பக்கத்து மாடியில் யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் எழுதியதை அழிக்காமல், தூக்கத்தை விட்டு விளக்கோடு வந்து நின்றாரே, அந்த மாதிரி ஓர் ஆளைத்தான் காணோம். தாளை நான் அவிழ்க்கவில்லை.