வெள்ளிக்கிழமை பிடுங்காத முடி

அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஒரு பண்ணையில் குதிரைகளைக் கவனிக்கிற வேலை எனக்கு. லாயத்தில் இருப்பவை பெரும்பாலும் ஒல்லியான அரபுக் குதிரைகள். ஒரு பெட்டை மட்டும் வேறு. குளிர் தேசத்தில் ஏர் உழவும் பாரவண்டி இழுக்கவும் வளர்த்த இனம். குளம்பு ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டு அகலம். முதல் நாள் பார்த்தபோது, எங்கள் ஐயனார் கோயில் குதிரைக்கு உயிர் வந்துவிட்டது என்றே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

டிராக்டர் வந்தபின் அந்த இனத்தை வளர்ப்பார் இல்லையாம். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். பெட்டைக்கும் வயதாகிவிட்டது. ஒரு குட்டியாவது எடுத்துவிட வேண்டுமென்று பண்ணை முதலாளியான எங்கள் அர்பாப், அதே இனத்து ஆண் குதிரையை வேறொரு பண்ணையிலிருந்து ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கி வந்தார்.

பண்ணைக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நாகர்கோவில்காரரான டாக்டரம்மா உடனே சேர்க்க விடவில்லை.

"கொஞ்ச குதிரைதான் மிச்சம்ணே. சொந்தத்துக்குள்ளயே சேத்துக்கிட்டே போனா குட்டி நோஞ்சானா பொறக்கும், இனமே அழிஞ்சிரும். ரெண்டும் தூரத்து வழியான்னு முடியை வச்சு லேப்ல பாக்கணும்."

"பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்கக் கூடாதுங்கிறீங்க."

"அதேதான்!"

"மாப்ளைக்கு ஜாதகம் பாக்குறாங்கடோய்!" என்றான் என்னோடு லாயத்தில் வேலை பார்க்கும் என் ரூம்காரன்.

பிடரி முடியை வேரோடு பிடுங்கி, கவரில் போட்டு, அன்றே கூரியரில் அனுப்ப வேண்டும் என்றார். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி, செவ்வாயில் எங்கள் வீட்டில் நகம்கூட வெட்ட மாட்டோம். கல்யாணப் பெண்ணின் தலைமுடியைப் பிடுங்குவதா? மனம் ஒப்பவில்லை. இரண்டு கொட்டடியிலும் தேய்க்கிற பிரஷ்ஷில் ஒட்டியிருந்த முடியில் வேருள்ளதாகப் பார்த்துக் கவரில் போட்டு அனுப்பிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து டாக்டரம்மா வேகமாக வந்தார். "என்னண்ணே, ரெண்டு கவர்லயும் ஒரே குதிரை முடி! ஆண் குதிரை முடி!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டையின் பிரஷ்ஷால் ரூம்காரன் ஆண் குதிரையையும் தேய்த்திருக்கிறான். இரண்டும் ஒரே கறுப்பு. பக்கத்தில் நின்ற அர்பாப் லேப்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவர்களோடு போயிருக்கும். ஐயனாருக்குப் பதில் சொல்ல முடியாதே. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"குதிரைக்கு ஏதுண்ணே வெள்ளிக்கிழமை!" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். இரவல் மாதம் முடிவதற்குள் பெட்டை இன்னும் ஒரு தடவைதான் பருவத்துக்கு வரும். அதற்குள் பதில் வராவிட்டால் ஆண் குதிரை போய்விடும். அர்பாப் என்னை ஒரு பார்வை பார்த்து, "ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார்.

அன்று செவ்வாய்க்கிழமை. சாமி, மன்னிச்சுக்கோ என்று பெட்டையின் கழுத்தைத் தடவி, பிடுங்கினேன். அது காதைக்கூட ஆட்டவில்லை.

அதன்பின் ஒவ்வொரு போன் மணிக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டது, பதில் வரவில்லை. ஆண் குதிரையை ஏற்றிப்போக மூன்றே நாள் இருக்கையில், மத்தியானம், டாக்டரம்மா போனில் கத்தினார்: "பங்காளி இல்லண்ணே! தூரத்து வழிதான்! கூட்டிட்டு வாங்க!"

பெட்டையின் நெற்றியில் திருநீறு பூசினேன். "மாப்ள வர்றாரு, வழி விடுங்க!" என்று கூவிக்கொண்டே ரூம்காரன் ஆண் குதிரையைப் பிடித்து வந்தான்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேன். திரையில் கறுப்பாகச் சின்னதாய் ஒரு வட்டம். டாக்டரம்மா அதைத் தொட்டுக் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குட்டிக்கும் முடி எடுத்து அனுப்பணும்ணே. எந்தக் கிழமை?"

"நீங்க சொல்ற கிழமை டாக்டரம்மா," என்றேன். எனக்குக் கண் கலங்கி, திரையில் இருந்த வட்டம் இரண்டாகத் தெரிந்தது.