கல்லாற்றில் எடுத்த கடைசிச் சுருள்

தூசி கருகும் வாசனைதான் முதலில் வரும். அப்பா பெட்டியைத் திறந்து, வயரைச் சுவரில் செருகி, விசையைத் தட்டியதும் உள்ளே பல்பு பளீரென்று எரியும். அதன் சூட்டில் முந்தைய தடவைக்குப் பிறகு படிந்த தூசியெல்லாம் கருகி, மெஷின் எண்ணெயும் சூடேறிய தகரமும் கலந்த ஒரு நெடி அறை முழுக்கப் பரவும். அதற்குப் பிறகுதான் சுருள் 'கடகட'வென்று ஓடத் தொடங்கி, எதிர்ச்சுவரில் ஆணியடித்துக் கட்டிய அப்பாவின் வேட்டியில் வெளிச்சம் விழும். எங்கள் வீட்டில் அதற்குப் 'படப்பெட்டி' என்று பெயர். இப்போதும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பழைய சாமான் சேகரிக்கிற ஒருவர் இரண்டு முறை வீடுதேடி வந்து கேட்டுவிட்டார். தரமாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி அனுப்பினேன். அதன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் என்று அவர் நினைத்திருப்பார். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேனே, அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அறுபதுகளின் கடைசி. கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கம்போளக் கடைத்தெருவைத் தாண்டி நடந்தால் வருகிற ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. அப்பா அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். எனக்கு ஒன்பது வயது. தங்கைக்கு நான்கு. பகவதி என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவள் 'குட்டி'தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, லீவில் வந்தபோது சாவி முறுக்கி ஓட்டுகிற ஒரு சின்ன சினிமா காமிராவையும், இந்தப் படப்பெட்டியையும், மூன்று பிலிம் சுருள்களையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சுருள் நாலே நிமிடம் ஓடும். எடுத்ததைத் தபாலில் பம்பாய்க்கு அனுப்பிக் 'கழுவி' வாங்க வேண்டும். வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

முதல் சுருள் கழுவி வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல்களில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, தெருவில் பாதிப்பேரை உட்காரவைத்து அப்பா படம் போட்டார். பார்த்தால், வேட்டித்திரையில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நாலு நிமிடமும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அதுவரை அவர்களுக்குத் தெரிந்த காமிரா ஸ்டூடியோ காமிராதான். அங்கே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர், மூச்சுவிட்டால்கூடத் திட்டுவார். சினிமாக் காமிரா என்று சொன்னாலும் காமிரா காமிராதானே? "அனங்குங்கோ, அனங்குங்கோ, இது போட்டா இல்ல!" என்று படம் எடுக்கும்போது அப்பா தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் வீண். 'அனங்கு' என்றால் எங்கள் பேச்சில் அசை என்று அர்த்தம். யாரும் அனங்கவில்லை. "அனங்கினா மொகம் கலங்கிப் போவும்லா" என்று அம்மா எல்லோருக்காகவும் வாதாடினாள்.

அனங்கியது குட்டி ஒருத்திதான். அவள் முதல் இரண்டு சுருள்களிலும் குறுக்கும் நெடுக்கும் ஓடினாள், காமிராவுக்குள் விரலை விட்டாள், தாடையில் கைவைத்துச் சிரித்தாள். நான் புதுப் பாவாடையும் ரிப்பனுமாக விறைத்து நின்ற இடத்திலெல்லாம் சரியாக எனக்கு முன்னால் வந்து என்னை மறைத்தாள். தெருவே அவளைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்கு அவள்மேல் பொறாமை.

மூன்றாவது சுருளின் கடைசிப் பகுதியை அப்பா கல்லாற்றில் எடுத்தார். அலுவலகத்துக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வேன் பிடித்துப் பொன்முடி மலைக்குப் போனோம். வழியில் கல்லாறு என்ற இடத்தில் சாயா குடிக்க நிறுத்தியபோது, கடைக்கு முன்னால் அம்மாவையும் எங்கள் இருவரையும் நிறுத்தி, "நடங்கோ, சிரியுங்கோ, என்னவாவது பேசுங்கோ" என்று சொல்லிவிட்டு அப்பா காமிராவைக் கண்ணில் வைத்தார். குட்டி உடனே காலைத் தூக்கினாள். இந்தத் தடவையும் இவள் கெடுத்துவிடுவாள் என்று எனக்கு ஆத்திரம். அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, அவ அனங்குதா. அவளெப் புடிச்சு நிறுத்தும்மா, படம் கெட்டுப் போவும்" என்றேன். அம்மா குட்டியின் தோளில் கையை வைத்து அழுத்தினாள். குட்டி திமிறினாள், அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அழுதாள். அம்மா காமிராவைப் பார்த்தபடியே கையை எடுக்காமல் நின்றாள். காமிரா 'கிர்ர்' என்று இரைந்துகொண்டிருந்ததில் நான் சொன்னது அப்பாவுக்குக் கேட்டிருக்க வழியில்லை. பிலிம் அதோடு தீர்ந்துவிட்டது.

சுருளைப் பம்பாய்க்கு அனுப்பிய மூன்றாம் வாரம் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் ஜன்னி. ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தூங்குகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அவள் போய் இருபது நாள் கழித்துப் பம்பாய்ப் பார்சல் வந்தது. போட வேண்டாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா தானே போய் ஜமுக்காளத்தை எடுத்து ஜன்னலில் கட்டினாள். ஆறுதல் சொல்ல வந்திருந்த அத்தையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கல்லாறு வந்தது. குட்டி வந்தாள். அம்மா எழுந்து திரைக்கே போய்விட்டாள். குட்டியின் முகம் வேட்டியில் பாதியும் அம்மாவின் முதுகில் பாதியுமாக விழுந்தது. அந்த நிமிடம் வரை, குட்டியைத் தான் அழுத்திப் பிடித்ததே அம்மாவுக்கு நினைவில்லை. எந்த அம்மாவுக்கு இருக்கும்? படம்தான் காட்டிக் கொடுத்தது. "அய்யோ, எனக்க பிள்ளெ ஓடணும்ணு துடிக்கா, நான் பாவி புடிச்சு வச்சிருக்கேனே" என்று அலறினாள். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீ எங்கிட்டெ என்னவோ சொல்லுதியே மக்ளே, வாய் அனங்குதே. என்ன சொன்னே?"

எங்கள் படத்துக்குச் சத்தம் கிடையாது. அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "'அவளெ விடும்மா, ஓடட்டும்'ணு சொன்னேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். வேறொன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் எல்லோரும் என்னைக் கொன்றுபோடுவார்கள் என்று தோன்றியது. ஆனால் நான் சொன்ன பொய் என் தலைக்கு வந்ததை அம்மாவின் தலையில் இறக்கி வைத்தது. "இந்தப் பச்சப்பிள்ளெ சொல்லியும் நான் கேக்கலியே" என்று அவள் நெஞ்சில் அறைந்துகொண்டாள். அத்தை என்னை இழுத்து அணைத்து, "தங்கமான பிள்ளெ" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் படம். அப்பா அலுவலகத்திலிருந்து சாப்பிட வருகிற அரைமணி நேரத்தில் ஜமுக்காளம் கட்டி முடிந்திருக்கும். "இன்னும் ஒரு பிராவசியம் போடுங்கோ" என்பாள் அம்மா. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று அப்பாவின் சோறு ஆறிப்போகும். மறுக்க அவருக்கு மனம் வராது. நாளாக ஆக அவள் குட்டியைப் பார்ப்பதை விட்டு என் வாயையே பார்க்கத் தொடங்கினாள். "இவ எத்தனெ பிராவசியம் சொல்லுதா பாருங்கோ, எனக்குச் செவி கேக்கலியா அன்னைக்கு?" என்று திரைக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து உற்று உற்றுப் பார்ப்பாள். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த உதட்டசைவைப் படித்துவிடுவாள் என்று எனக்கு உயிரே போயிற்று. பள்ளிக்கூடம் போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாரிடம், இந்தப் பெட்டி கெட்டுப்போனால் ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மறுவாரம் பல்பு 'டப்'பென்று போயிற்று. பிள்ளையார் இவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று யாருக்குத் தெரியும்!

அப்பா கம்போளத்தில் ரேடியோக் கடை, பாத்திரக்கடை, பழைய இரும்புக்கடை வரை ஏறி இறங்கினார். அந்தப் பல்பு இந்த ஊரில் எவரிடமும் இல்லை. மாமாவுக்குக் கடிதம் போனது. அதுவரை அம்மா, அப்பா வரைபடம் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தாள். கேளுங்கள், அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களில் தனித்தனியாகப் பார்த்தால், அம்மா ஆசையாகக் குட்டியின் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். திமிறல் தெரியாது, கடுகளவு முகத்தில் அழுகையும் தெரியாது. "பாரும்மா, நீ சும்மாதான் தொட்டுக்கிட்டு நிக்கே" என்று நான்கூடச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "இதுல அவ சும்மா நிக்கா. அதுலதான் மக்ளே அனங்குவா" என்றாள். சாப்பாடு இறங்காமல் கழுத்தெலும்பு தெரிய ஆகிவிட்டாள். தபால்காரர் சந்துமுனையில் மணியடித்தால் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள்.

பார்சல் வந்த அன்று அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் அதை என் கையில் கொடுத்தார். வைக்கோல் திணித்த பெட்டிக்குள், பஞ்சில் சுற்றி, கொய்யாக்காய் அளவுக்கு ஒரு பல்பு. நான் யோசிக்கவே இல்லை. கொல்லைக்குப் போய், பெட்டி, பஞ்சு, வைக்கோல் எல்லாவற்றோடும் கிணற்றில் போட்டேன். பெட்டி கொஞ்ச நேரம் மிதந்தது. அது முங்கும்வரை கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரத்தலையோடு வந்த அம்மா, "தபாலு வந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அடுத்த ஒன்றரை மாதம் அவள் வாசலுக்கு ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, பல்பு கிடைத்ததா என்று மாமாவின் கடிதம் வந்தது. அப்பா தபால்காரரைத் தெருவில் நிறுத்தி, கையாடிவிட்டாய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்த மனிதர் வாசலில் நின்ற என்னைக் கை காட்டினார்.

அப்பா என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "பல்பு எங்க மக்ளே?" என்றார். கிணற்றைக் காட்டினேன். ஏன் என்று கேட்டார். கல்லாற்றில் சொன்னது, அறையில் சொன்ன பொய், பிள்ளையார் தேங்காய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. "இதெ அம்மைக்கிட்டெ சொல்லப்பிடாது. இருக்கது நீ ஒருத்தி. உன்னையும் அவ வெறுத்தாண்ணா அவளுக்குப் பின்னெ யாரு?" என்றார். உள்ளே போய் அம்மாவிடம், பல்பு தபாலில் உடைந்துவிட்டது என்று சொன்னார். அந்த மாதிரிப் பல்பு கடைகளில் நின்றுபோயிற்று, இனிக் கிடைக்காது என்று மாமாவின் அடுத்த கடிதம் சொன்னது. அம்மா அழவில்லை. படப்பெட்டியைத் துடைத்து, மூடி, தன் கல்யாணப் புடவையால் சுற்றி வைத்தாள்.

அப்பாமேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. என்னைத் தரதரவென்று இழுத்துப்போய் அவள் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டாமா? ஒருநாள் அழுகையோடு போயிருக்கும். அவர் காட்டிய கருணையில் அம்மா ஐம்பது வருஷம் வெந்தாள். கல்யாண வீடுகளில், என் மாமியாரிடம், என் பிள்ளைகளிடம், "எனக்க மூத்தவ அன்னைக்கே சொன்னா, விடும்மாண்ணு. நான்தான் கேக்கல" என்று பெருமையாக வேறு சொல்வாள். ஒவ்வொரு தடவையும் நான் காப்பி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

இப்போது அந்தச் சந்து இல்லை. கிணற்றை மண்போட்டு மூடி மேலே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பல்பு அதற்கடியில் எங்கோ கிடக்கிறது. கல்லாற்றில் அந்தச் சாயாக்கடை இல்லை. போன மாதம் சுருளை எடுத்துக்கொண்டு, பழைய படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற ஒரு பையனிடம் போனேன். டப்பாவைத் திறந்ததும் புளித்த காடியின் நெடி அடித்தது; பிலிம் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. "ஒண்ணும் செய்யான் பற்றில்ல சேச்சி" என்று உதட்டைப் பிதுக்கினான். இனி ஒன்றும் செய்ய முடியாதாம். அப்பா இல்லை, மாமா இல்லை. நான் அன்று என்ன சொன்னேன் என்பதற்கு இனி என்னைத் தவிர சாட்சி கிடையாது.

அம்மாவும் போய் ஒரு வருஷமாகிறது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், சொட்டு மருந்தை மாற்ற வந்த நர்ஸ் பெண்ணிடமும் அவள் அந்தக் கதையைச் சொன்னாள், மூச்சு வாங்கி வாங்கி. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நல்ல மோள்" என்று சிரித்துவிட்டுப் போனாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் போனேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நீ சொன்னதெ அன்னைக்கு நான் கேக்கல மக்ளே. அவ போய்ச் சேந்துட்டா, அவகிட்டெ கேக்க முடியாது. நீயாவது என்னெ மன்னிச்சேன்ணு ஒரு வாக்கு சொல்லு. அதெக் கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வரும்."

நான் மன்னித்தேன் என்று சொன்னேன். அம்மா தூங்கினாள்.