அம்மா யாருக்கு ஓட்டுப் போட்டார்?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது தம்பி ஒரு நிபந்தனை போட்டான். "அக்கா, கட்சிப் பேரு எதையும் எழுதிடாத. மலர் எல்லாக் கட்சி ஆளுங்க கைக்கும் போகும்." ஒரு தாயின் நினைவு மலரில் கட்சிப் பெயர் எங்கிருந்து வரப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். எங்கள் இரும்புலியூர் வீட்டை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அப்பா ஒரு கட்சி. தம்பி அதற்கு நேர் எதிர்க்கட்சி. அம்மா எந்தக் கட்சி என்பது கடைசி வரை ஒருவருக்கும் தெரியாது, பெற்ற மகளான எனக்கும் தெரியாது. அதனால் தம்பியின் நிபந்தனைக்குக் கட்டுப்படுவதில் எனக்குச் சிரமம் ஏதுமில்லை.

எங்கள் அம்மா கோவளத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சிற்றூரில், குத்தகை நிலத்தில் பயிர் வைத்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். நாடு குடியரசாகி முதல் பொதுத்தேர்தல் வந்தபோது அவர் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அந்நாளில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. சின்னம் பார்த்து, நமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் தாத்தாவும் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் நிலக்காரர் அவரைக் கூப்பிட்டு, "யாருக்குப் போட்ட?" என்று கேட்டார். தாத்தாவுக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொல்லிவிட்டார். அடுத்த போகத்துக்கு அந்த நிலம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

சட்டி பானையோடு குடும்பம் பல்லாவரத்துக் கல்குவாரிக்குக் கூலி வேலைக்கு வந்தது. அம்மாவின் படிப்பு அத்தோடு நின்றது. கல் உடைக்கும் இடத்தில் தங்கைகளைப் பார்த்துக்கொண்டபடியே, பக்கத்து வீட்டு அம்மாளிடம் தையல் கற்றுக்கொண்டார். இரண்டு கை, ஒரு மிஷின், இதை வைத்துத்தான் பின்னாளில் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அவர் பட்ட கஷ்டத்தை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. கேட்டால், "எல்லாரும்தான் பட்டாங்க" என்று ஊசியில் நூலைக் கோக்கப் போய்விடுவார்.

அப்பாவுக்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு அருகில் வாடகை சைக்கிள் கடை. கடை என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் அது கட்சிக் கிளை. காலையில் கட்சிப் பத்திரிகையை ஒருவர் சத்தமாகப் படிக்க, பஞ்சர் ஒட்ட வந்தவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் மேடை ஏறி மைக் பிடிக்க ஆரம்பித்த காலம் அது. இனிமேல் நம்மைப் போன்றவர்கள்தான் நாட்டை ஆளப் போகிறோம் என்று அப்பா மனசார நம்பினார். கலியாணமான புதிதிலேயே அம்மாவிடம் நம் வீட்டு ஓட்டு நம் கட்சிக்கு என்று சொல்லிவிட்டாராம். அம்மா தலையாட்டினாரா, இல்லையா என்று அப்பா கவனிக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டார்.

அம்மா ஓட்டுப் போடப் போகிற அழகே தனி. காலையில் தலை குளித்துவிட்டு, அரக்கு நிறப் பட்டுப்புடவையை உடுத்திக்கொள்வார். அப்பா சைக்கிளில் உட்காரச் சொன்னால், "நீங்க முன்னால போங்க, நான் வரேன்" என்பார். வழியில் இரண்டு கட்சிக்காரர்களும் போட்டிருக்கும் பந்தலில் நிற்பார். இரண்டிலும் நலம் விசாரிப்பார், இரண்டிலும் மோர் குடிப்பார். இந்தப் பந்தலில் "அண்ணி நம்ம ஆளு" என்பார்கள். அந்தப் பந்தலில், "புருஷன் அங்க இருந்தாலும் அக்கா மனசு இங்கதான்" என்பார்கள். அம்மா இரு பக்கமும் சிரித்துவிட்டு உள்ளே போவார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அப்பா சொன்னது சும்மா இல்லை.

தேர்தல் காலத்தில் அம்மாவுக்குக் கொடி தைக்கும் வேலை நிறைய வரும். அப்பாவின் கட்சிக்கும் தைப்பார், எதிர்க்கட்சிக்கும் தைப்பார். ஒரு முறை அப்பா கூடத்தில் எதிர்க்கட்சித் துணி குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "என் வீட்டுக்குள்ளயே அவன் கொடியத் தைக்கிறியா?"

"தைக்கறதுக்குக் கோவமா, நல்லாத் தைக்கறதுக்குக் கோவமா?" என்றார் அம்மா, மிஷினை நிறுத்தாமலேயே. எந்தக் கட்சிக் கொடியானாலும் ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத்தான் அடிப்பார். காற்றில் பிரியவே பிரியாது.

நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது உள்ளாட்சித் தேர்தலில் அப்பாவே எங்கள் வார்டில் நின்றார். வீட்டில் திருவிழா மாதிரி. எந்நேரமும் அடுப்பில் டீ. அம்மா முகம் சுளிக்காமல் வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தார். எங்கள் சுற்றுச்சுவரிலேயே அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். எழுதியவருக்கு ஏணி பிடித்ததுகூட அம்மாதான். ஓட்டு எண்ணி முடித்ததும், மத்தியானம் அப்பா தனியாக நடந்து வந்தார். கழுத்தில் மாலை இல்லை. சொற்ப வித்தியாசத்தில் தோல்வி.

அம்மா இலை போட்டார். அப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

"நீயாவது எனக்குப் போட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிடுங்க. ஆறிடும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கேக்கக் கூடாதுன்னுதானே அங்க மறைப்புக் கட்டி வெச்சிருக்காங்க?"

அப்பா இலையை விட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. "ஆமாங்க, உங்களுக்குத்தான் போட்டேன்" என்று சொன்னால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். ஊருக்குள்ளும் பேச்சு கிளம்பிவிட்டது. பொண்டாட்டி ஓட்டே விழாதவன் ஊர் ஓட்டை எப்படி வாங்குவான் என்று தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதே என் காதுபடப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பா பல நாள் அம்மாவோடு பேசவில்லை. வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லித்தான் கேட்பார். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு அதைக் கேட்டு எடுத்து வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார். கோவளத்துப் பக்கத்தில் தன் அப்பாவுக்கு நடந்ததை முதல் தடவையாகச் சொன்னார். நானும் தம்பியும் அன்றுதான் அதைக் கேட்டோம். நிலக்காரர் கேட்டது, தாத்தா பதில் சொன்னது, நிலம் போனது, தன் பள்ளிக்கூடம் போனது என்று எல்லாவற்றையும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சொல்லி முடித்தார்.

"எங்கப்பா ஓட்டு அவர் கையிலதான் இருந்துச்சு. வாயத் திறந்தாரு, போயிடுச்சு. நான் யாருக்கும் சொல்றதில்லன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். உங்களுக்குச் சொன்னா ஒரு வழக்கமாயிடும். அப்புறம் கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லணும். என் மேல கோவம்னா கோவமா இருந்துக்குங்க, பசியோட இருக்காதீங்க."

அப்பா கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு, "காப்பி இருக்கா?" என்று அம்மாவையே நேராகப் பார்த்துக் கேட்டார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு அப்பா இதையே தெருமுனைக் கூட்டங்களில் பேச ஆரம்பித்துவிட்டார். "ராத்திரி பகலா கட்சி வேலை பாக்கறேன், என் சம்சாரம் யாருக்கு ஓட்டுப் போடுதுன்னு எனக்கே தெரியாது. இதத்தான்யா ஜனநாயகம்னு சொல்றோம்" என்பார். கூட்டம் கைதட்டும். கைதட்டல் வாங்கியதை வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்வார். "போதும், ரொம்பத்தான்" என்பார் அம்மா.

தம்பி வளர்ந்து எதிர்க்கட்சியில் சேர்ந்ததும் வீட்டில் ருசியான காலம் ஒன்று தொடங்கியது. தேர்தல் வந்தால் சுற்றுச்சுவர் பாதி அப்பாவுக்கு, பாதி தம்பிக்கு. நடுவில் கோடு போட்டுக் கொடுத்தது அம்மா. இரண்டு பேரும் மாறி மாறிச் சமையலறைக்கு வந்து அம்மாவிடம் ஓட்டுக் கேட்பார்கள். தேங்காய் துருவிக்கொண்டே இருவர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்பார். சில சமயம் குறுக்குக் கேள்வியும் போடுவார். "போன வாட்டியும் நம்ம தெருவுக்குக் கால்வாய்னு சொன்னீங்களே, எங்க?" என்று கேட்டால் இருவருமே மெல்ல வெளியே நழுவிவிடுவார்கள். கலியாணமாகிக் கீழ்க்கட்டளைக்குப் போன பிறகும் தேர்தல் சமயத்தில் நான் ஓடி வந்துவிடுவேன், இந்தக் கூத்தைப் பார்ப்பதற்காகவே.

அப்பா மறைந்த பிறகு சுவர் முழுக்கத் தம்பிக்கு என்று நாங்கள் நினைத்தோம். அம்மா விடவில்லை. அப்பாவின் பாதியை அப்பாவின் கட்சிக்கே ஒதுக்கி வைத்தார். சைக்கிள் கடைக் காலத்திலிருந்து அப்பாவின் கூடவே இருந்த தங்கராசு மாமா வந்து, தம் ஆட்களை வைத்து எழுதிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்.

அம்மா கடைசியாக ஓட்டுப் போட்டது வீட்டிலேயே. நடக்க முடியாத முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறதே, அப்படி அதிகாரிகள் வந்தார்கள். கூடவே ஒரு போலீஸ்காரர், கேமராவோடு ஒரு பையன். அம்மாவின் கை அப்போது மிகவும் நடுங்கிக்கொண்டிருந்தது. வந்திருந்த அம்மணி தன்மையாக, "பாட்டி, உங்க பொண்ணு கூட இருந்து உதவி பண்ணலாம்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். அரசு வேலையில் இருந்து எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராக உட்கார்ந்தவள் நான். அதைவிட, அதற்கு முந்தைய இரண்டு வருடமாக அங்கேயே வந்து தங்கி அவரைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டவளும் நான்தான். என்னைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அவ வெளிய இருக்கட்டும்மா. கை நடுங்கினா நடுங்கிட்டுப் போவுது" என்றார்.

வாசலுக்கு வந்து நின்றேன். முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில் தம்பியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்க, எனக்கும் வந்துவிட்டது. உள்ளே அட்டை மறைப்புக்குப் பின்னால் அம்மா நேரம் எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் போட்டு முடித்தார். உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு எல்லாருக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார்.

அதன் பிறகு சில மாதங்களே இருந்தார். பெரிய வேதனை இல்லை. ஒரு நாள் தம்பி கட்டிலருகே உட்கார்ந்து, "இப்பவாச்சும் சொல்லேன்மா" என்று கேட்டான். "உங்கப்பாகிட்டயே சொல்லல. போயி சொல்லிக்கறேன்" என்றார். மறு வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அன்று வந்திருந்தவர்களுக்கு அடுத்து நடந்தது தெரியும். வராதவர்களுக்காக எழுதுகிறேன். அம்மாவை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தோம். தங்கராசு மாமா கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். அவர் கையில் அப்பாவின் கட்சிக் கொடி. கட்சிக் குடும்பத்துப் பெரியவர்கள் இறந்தால் கொடி போர்த்துவது இங்கே வழக்கம். அவர் பின்னாலேயே தம்பியின் கட்சி வட்டச் செயலாளர் பையன்களோடு வந்தார். அவர் கையில் மடிப்புக் கலையாத புதுக் கொடி. பையன்களில் ஒருவன், "இன்னா பெரிசு, அம்மா நம்ம அண்ணனோட அம்மா. நாங்கதான் போத்தணும்" என்றான். "உன் அண்ணன் பொறக்கறதுக்கு முன்னாடியே இது எங்க தோழரோட வீடுடா" என்றார் மாமா. பேச்சு வளர்ந்தது. வட்டச் செயலாளர் வாயே திறக்கவில்லை, தம்பியை மட்டும் பார்த்தார். வரும் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்குத் தம்பி சீட்டு கேட்டிருந்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மாமா கையிலிருந்த கொடியைப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு மடிப்பு, அம்மாவின் தையல்.

தம்பி எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வட்டச் செயலாளரைப் பார்த்துச் சொன்னான்.

"வேணாம்ணே. எங்கம்மா யாருக்குப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாம நான் எப்படிண்ணே கொடி போத்துவேன்? மாமா, உங்களுக்கும் அதான்."

தங்கராசு மாமாதான் முதலில் கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்க தோழரே கேட்டுத் தோத்துப் போனாரு. நான் யாரு?" என்று அழுதுகொண்டே சிரித்தார். வட்டச் செயலாளர் தம் கொடியைப் பையனிடம் கொடுத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஓட்டுப் போடப் போகும்போது உடுத்துகிற அந்த அரக்குப் புடவையைத்தான் அம்மாவுக்குப் போர்த்தினேன். பாடையின் ஒரு பக்கம் வட்டச் செயலாளர் தோள் கொடுத்தார். மறுபக்கம் மாமாவின் மகன்.

அம்மாவை அவரது இறுதிக் காலத்தில் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும், நடுங்கும் கைக்குப் பொறுமையாகக் காத்திருந்த தேர்தல் அலுவலர்களுக்கும், கொடியோடு வந்து கொடியில்லாமல் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா ஓட்டுப் போட்டவர்களுக்கும் நன்றி, போடாதவர்களுக்கும் நன்றி.

தம்பிக்குச் சீட்டு கிடைத்துவிடும் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். கிடைக்கட்டும், நன்றாக நிற்கட்டும். அவனுக்காகவே என் ஓட்டைக் கீழ்க்கட்டளையிலிருந்து இரும்புலியூருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு. மாற்றியது உண்மைதான், இப்போது அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறேன். தேர்தலன்று தலை குளித்துவிட்டு, தனியாகத்தான் போவேன். இரண்டு பந்தலிலும் மோர் குடிப்பேன். யாருக்குப் போட்டேன் என்று தம்பி வந்து கேட்டால், இலை போட்டுச் சோறு வைப்பேன்.