எவரையும் ஒன்றுபோல் நடத்தாத மரகதம்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கைப்பேசியில் செய்தி வந்தது. மரகதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதன் கீழே இரங்கல்கள் வரிசையாக வந்தன. "எல்லாக் குழந்தைகளையும் ஒன்றுபோல் நடத்தியவர்" என்று ஒருவர் எழுத, மற்றவர்களும் அதையே திருப்பி எழுதினார்கள். தவறு. மரகதம் எந்த இரண்டு பேரையும் ஒன்றுபோல் நடத்தியதே இல்லை. அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் குழந்தைகளும் அல்லர். என் மகள் சுகந்திக்கு நாற்பத்திரண்டு வயது.

குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய இரண்டு அறைகளில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பகல் மையத்தை மரகதம் நடத்திவந்தார். பதினோரு ஆண்டுகள் சுகந்தியை அங்கே அழைத்துப் போனேன். சுகந்தி பேசமாட்டாள், யார் தொட்டாலும் பொறுக்கமாட்டாள். சங்ககிரி லாரிக்காரர் ஒருவரின் மகன் கார்த்தி வாய் ஓயமாட்டான். பார்த்த லாரிகளின் எண்களையெல்லாம் ஒப்பிப்பான். இருவருக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்த பெயர் ஒன்றுதான்.

நாங்கள் சேர்ந்த முதல் வாரம், தறிச் சத்தம் தாங்காமல் கார்த்தி காதைப் பொத்திக்கொண்டு அலறினான். ஜன்னலைச் சாத்தச் சொல்லி மரகதத்தை அதட்டினேன்.

"சாத்துனா உங்க பொண்ணு அழுவுங்க அம்மா. அதுக்கு அந்தச் சத்தம் வேணுமுங்க. நான் யாரு காதுக்குத் தக்கன வெக்கட்டும், சொல்லுங்க?"

நான் நம்பவில்லை. மதியம் மின்சாரம் நின்று தறிகள் ஓய்ந்ததும் சுகந்தி சுவரில் தலையை மோதத் தொடங்கினாள். மறுநாள் முதல் அவளுக்குத் தறிப் பக்க அறை, கார்த்திக்கு ஆற்றுப் பக்க அறை.

நான் கான்வென்டில் படித்தவள். எதற்கும் பதிவேடு வேண்டும் என்பேன். யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று எழுதிவைக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துக் கேட்டு வாங்கிப் பார்த்தால், உள்ளே பக்கம் பக்கமாகக் கார்த்தி எழுதிய லாரி எண்கள்.

"எழுதிப்போட்டா எழுத்தத்தானுங்க பாப்பாங்க, ஆளப் பாக்கமாட்டாங்க. போன மாசம் ஆவாதது இந்த மாசம் ஆவுதுங்களே."

"நீ இல்லாத நாளில் யாரைக் கேட்பது?"

"நான் எங்கீங்க போறேன்? வயசு வரிசைப்படி பாத்தா நீங்கதானுங்க மொதல்ல!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வரிசைதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது மையத்தில் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, ஒரே பாட்டுக்குக் கைதட்டச் சொல்கிறார்கள்.

முன்பெல்லாம் மாதம் இரண்டு புதன்கிழமை சுகந்தி நகம் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். எப்படி வெட்டினாய் என்று மரகதத்தை நான் கேட்டதில்லை. பெற்றவளுக்குத் தெரியாததை இன்னொருத்தியிடம் கேட்க என் கௌரவம் இடம் தரவில்லை. அவர் போன பின் மூன்று பேர் சுகந்தியை அமுக்கிப் பிடித்து வெட்டினார்கள். ரத்தம் வந்தது. இன்று நகவெட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். வளர்ந்த நகத்தால் தன் கன்னத்தையே கீறிக்கொள்கிறாள். எனக்கு எழுபத்தெட்டு வயது. எனக்குப் பின் இது சரியாகும் என்று நான் எண்ணவில்லை.

மரகதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த லாரி எண் நோட்டுதான். கடைசியில் சில வெற்றுத் தாள்கள் இருக்கின்றன.

மையத்துக்கு வந்துபோன பெற்றோர்களே, ஊழியர்களே, சுகந்திக்கு மரகதம் நகம் வெட்டியதை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? எங்கே உட்காரவைத்தார், எந்தக் கையை முதலில் எடுத்தார், என்ன சொன்னார்? தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.